வெள்ளி நாக்கு வாத்தியார்

வலங்கைமான் புரோகிதர் மகன் உலகை வியக்க வைத்த கதை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலருக்குப் பாம்பைக் கண்டால் பயம் இல்லை. பேய்க் கதை கேட்டாலும் பயம் இல்லை. ஆங்கிலக் கட்டுரை நோட்டைக் கண்டால்தான் பயம்!

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் ஆனாலும் சரி, கும்பகோணத்தை அடுத்த வலங்கைமான் ஆனாலும் சரி, எங்கும் இதே கதைதான். வீட்டில் அம்மா பேசுவது தமிழ். தெருவில் கேட்பது தமிழ். வயலிலும் கடையிலும் தமிழ். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு தலைப்பைக் கொடுத்து, இதைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுது என்கிறார்கள். எழுதிக் கொடுத்த நோட்டு திரும்பி வருகிறது. பக்கம் முழுவதும் சிவப்பு மை! பையனின் முகம் வாடிவிடுகிறது. இது நமக்கு வராது என்று நோட்டை மூடி வைத்து விடுகிறான்.

அப்படி நோட்டை மூடி வைக்கும் பிள்ளைகள் ஒரு மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் கிராமத்துப் பையன்தான். ஏழை வீட்டுப் பிள்ளைதான். அவர் வீட்டிலும் யாரும் ஆங்கிலம் பேசவில்லை. ஆனால் அவர் வளர்ந்து லண்டனில் ஆங்கிலம் பேசியபோது, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட வெள்ளைக்காரர்களே வாய் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். "வெள்ளி நாக்குப் பேச்சாளர்" என்று அவருக்குப் பட்டப் பெயர் சூட்டினார்கள்.

அவர்தான் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

பெயரிலேயே ஊர்

வி என்றால் வலங்கைமான். எஸ் என்றால் சங்கரநாராயண சாஸ்திரி. அது அவருடைய தகப்பனார் பெயர். வலங்கைமான் இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. கும்பகோணத்தில் இருந்து சில மைல் தூரம்.

1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி சீனிவாசன் பிறந்தார். அதற்குச் சரியாகப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 2-ந் தேதி, குஜராத்தில் போர்பந்தர் என்ற ஊரில் இன்னொரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் மகாத்மா காந்தி. இந்த இரண்டு பேரும் பின்னால் ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளப் போகிறார்கள். அந்தக் கதை பிறகு வருகிறது.

தகப்பனார் புரோகிதம் செய்து பிழைத்தவர். சாஸ்திரம் படித்தவர், ஆனால் கையில் காசு இல்லாதவர். புரோகிதர் வீட்டு வருமானம் எப்படி இருக்கும்? கல்யாணம், காரியம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வீட்டில் வறுமை இருந்தது. அதோடு சமஸ்கிருத சுலோகங்களும் இருந்தன. சுலோகம் சொல்லும்போது ஓர் எழுத்து பிசகினாலும் பெரியவர்கள் விடமாட்டார்கள். திரும்பச் சொல்லச் சொல்வார்கள். குறில் குறிலாக இருக்க வேண்டும். நெடில் நெடிலாக இருக்க வேண்டும்.

சொல்லைச் சுத்தமாகச் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்குத் தானாகவே வந்துவிடும்.

கும்பகோணம் போன பையன்

சீனிவாசன் கும்பகோணத்தில் நேட்டிவ் ஹைஸ்கூலில் படித்தார். பிறகு அதே ஊரில் சர்க்கார் கல்லூரியில் சேர்ந்தார். காவிரிக் கரையில் உள்ள அந்தக் கல்லூரியைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அந்தக் காலத்தில் சொல்லுவார்கள். கணித மேதை ராமானுஜனும் பிற்காலத்தில் அங்கே சேர்ந்தவர்தான்.

அப்போது மெட்ரிகுலேஷன் என்ற பரீட்சை இருந்தது. அதில் தேறினால்தான் கல்லூரி வாசலை மிதிக்கலாம். அதில் ஆங்கிலம்தான் பலரைக் கவிழ்த்த பாடம். இலக்கணம், கட்டுரை, செய்யுளை உரைநடையாக மாற்றுவது என்று எத்தனையோ உண்டு. பல பையன்கள் புத்தகத்தை அப்படியே நெட்டுருப் போட்டார்கள். நெட்டுருப் போட்டது பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகும்.

சாஸ்திரி பரீட்சையோடு நிற்கவில்லை. ஒரு சொல்லைக் கண்டால், அது எந்த இடத்தில் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்று பார்க்கும் பழக்கம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. தட்டான் பொன்னை நிறுப்பதுபோலச் சொல்லை நிறுத்துப் போடுவார். உச்சரிப்பிலும் அப்படியே. ஒலிநாடா இல்லை, ரேடியோ இல்லை. கேட்டுப் பழகவும் வழி குறைவு. அந்தக் காலத்தில் அவர் கற்ற ஆங்கிலம் அது!

1888-ல் அவர் பி.ஏ. தேறினார். அப்போது வயது பத்தொன்பதுகூட நிரம்பவில்லை.

கையில் சாக்பீஸ்

பட்டம் வாங்கியதும் சர்க்கார் உத்தியோகம் தேடுவதுதான் அந்தக் கால வழக்கம். தாசில்தார் ஆகலாம், வக்கீல் ஆகலாம். சாஸ்திரி உபாத்தியாயர் ஆனார். முதலில் மாயவரம் பள்ளிக்கூடத்தில் வேலை. பிறகு சேலம் முனிசிபல் கல்லூரியில் வேலை. அதன் பிறகு சென்னைக்கு வந்தார்.

1890-களில் திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலுக்குத் தலைமை உபாத்தியாயர் ஆனார். சின்ன வயதில் பெரிய பொறுப்பு! அந்தப் பள்ளிக்கூடம் அவரால் பெயர் பெற்றது. ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் சாஸ்திரியாரிடம் படிக்க வேண்டும் என்று பட்டணத்தில் பேச்சு எழுந்தது.

அவர் வெறும் பாடத்தோடு நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று பாடுபட்டார். 1904-ல் திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை ஏற்பட்டது. நியாயமான விலைக்கு நல்ல சாமான் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதைத் தொடங்கியவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். டி.யு.சி.எஸ். என்று சென்னைவாசிகள் பலரும் அறிந்த கடை அதுதான்.

நல்ல வேலை, நல்ல பெயர். வேறு ஒருவராக இருந்தால் அப்படியே இருந்து, வயது முதிர்ந்து, வீட்டில் உட்கார்ந்திருப்பார். சாஸ்திரியாருக்கு அது போதவில்லை.

வேலையை விட்டார்

பூனாவில் கோபால கிருஷ்ண கோகலே என்ற தேசத் தலைவர் இருந்தார். அவரும் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவர். 1905-ல் அவர் இந்திய ஊழியர் சங்கம் என்ற ஒன்றை நிறுவினார். அதில் சேருவது எளிது அல்ல. தேசத்துக்கே முதல் இடம் என்று சபதம் செய்ய வேண்டும். தனக்கென்று பணம் சம்பாதிக்கக் கூடாது. சங்கம் தரும் சொற்பத் தொகையில் குடும்பம் நடத்த வேண்டும்.

1907-ல் சாஸ்திரியார் அதில் சேர்ந்தார். பிள்ளை குட்டி உள்ள மனிதர், கை நிறையச் சம்பளம் வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமா? ஊரில் சிலர் பைத்தியக்காரத்தனம் என்றுகூட நினைத்திருப்பார்கள்.

1915-ல் கோகலே காலமானார். சங்கத்துக்கு அடுத்த தலைவர் சாஸ்திரியார்தான்.

கேட்டுக்கொண்டு இருந்தவர் காந்தி

1919-ம் ஆண்டு. ரௌலட் சட்டம் என்ற கொடிய சட்டத்தை ஆங்கிலேய சர்க்கார் கொண்டுவந்தது. யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம், விசாரணை இல்லாமல் அடைக்கலாம் என்பது அதன் சாரம். அப்போது சாஸ்திரியார் டில்லிச் சட்டசபையில் அங்கத்தினர்.

அவர் எழுந்து பேசினார். எப்படிப் பேசினார்? மேஜையைக் குத்தவில்லை. தொண்டை கிழியக் கத்தவில்லை. அது அவர் வழக்கம் அல்ல. எதிரி என்ன நினைக்கிறான் என்பதை முதலில் நேர்மையாக எடுத்து வைப்பார். பிறகு அது ஏன் தவறு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். குரல் மணிபோல் இருக்கும். ஒரு சொல் கூடாது. ஒரு சொல் குறையாது. அன்று அந்தக் குரலில் உருக்கமும் சேர்ந்தது. வைசிராய் மெய்மறந்து கேட்டதாகத் தோன்றியது.

பார்வையாளர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து இருந்தார். அவர் காந்திஜி. அந்தப் பேச்சைப் பற்றித் தம் சுயசரிதையிலும் எழுதினார்.

பேச்சு வென்றதா? இல்லை. சட்டம் நிறைவேறிவிட்டது! தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது அல்லவா?

இந்த இடத்தில்தான் இரு சகோதரர்களின் வழியும் பிரிந்தது. பேசிப் பயன் இல்லை, ஒத்துழையாமைதான் வழி என்று காந்திஜி புறப்பட்டார். பேசிக்கொண்டே இருக்க வேண்டும், சட்டத்தின் வழியை விடக்கூடாது என்று சாஸ்திரியார் நின்றார். அவரை மிதவாதி என்று பலர் கேலி செய்தார்கள். வெள்ளைக்காரனுக்கு நல்லவர் என்றும் ஏசினார்கள். ஆனால் வழி பிரிந்தாலும் நட்பு பிரியவில்லை. கடிதத்தில் ஒருவரை ஒருவர் கண்டிப்பார்கள். மறுபடி சகோதரரே என்று எழுதுவார்கள்.

உலகம் சுற்றிய உபாத்தியாயர்

1921-ல் லண்டனில் சாம்ராஜ்ய மாநாடு. இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகச் சாஸ்திரியார் போனார். பிரிவி கவுன்சில் அங்கத்தினர் ஆனார். அதனால்தான் மகாகனம் என்ற பட்டம். பிறகு ஜினீவாவில் சர்வதேச சங்கம். அதன் பிறகு அமெரிக்காவில் வாஷிங்டன் மாநாடு. யுத்தக் கப்பல்களைக் குறைப்பது பற்றிய அந்த உடன்படிக்கையில், 1922 பிப்ரவரியில், இந்தியாவின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி!

அதே ஆண்டில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குப் போனார். எதற்கு? அங்கே குடியிருந்த இந்தியர்களுக்கு உரிமை கேட்க. ஊர் ஊராகப் பேசினார். இந்தியன் என்றால் கூலி என்று மட்டும் நினைத்திருந்த வெள்ளையர்கள், தங்களைவிட நன்றாகத் தங்கள் மொழியைப் பேசும் இந்தியரைப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1925-ல், ஆஸ்திரேலியா தன் நாட்டில் இருந்த இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. அதற்குச் சாஸ்திரியாரின் பயணமும் ஒரு காரணம்.

பேச்சு தோற்ற இடம்

எல்லா இடத்திலும் வெற்றி என்று சொன்னால் அது பொய்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா என்ற நாடு. அங்கே இந்தியர்கள் ரெயில் பாதை போட்டார்கள்; கடை வைத்தார்கள்; நாட்டைச் செழிக்க வைத்தார்கள். ஆனால் குளிர்ச்சியான மேட்டு நிலங்களை அவர்கள் வாங்க முடியாது. அவை வெள்ளையருக்கு மட்டும்! ஓட்டிலும் சமத்துவம் இல்லை.

1923-ல் சாஸ்திரியார் தூதுக்குழுவுக்குத் தலைவராக லண்டன் போனார். வாதாடினார், மன்றாடினார். அந்த ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்கார் முடிவு சொன்னது. சட்டசபையில் வெள்ளையருக்கு 11 இடம். அவர்களைவிட அதிகமாக இருந்த இந்தியருக்கு 5 இடம். மேட்டு நிலம் வெள்ளையருக்கே.

இரண்டு ஆண்டுக்கு முன் பட்டமும் பாராட்டும் தந்த அதே லண்டன்! நாக்கு வெள்ளி என்று மெச்சியவர்கள், அந்த நாக்கு கேட்ட நியாயத்தைக் கொடுக்கவில்லை. சாஸ்திரியார் மனம் உடைந்தார். உடல்நிலையும் கெட்டது.

அழகான பேச்சை ரசிப்பது வேறு. அதில் உள்ள நியாயத்தை ஏற்பது வேறு. வாழ்நாள் எல்லாம் மொழியைப் படித்த மனிதர், இந்தப் பாடத்தை ஐம்பத்து நான்காம் வயதில் படித்தார்.

பேச்சு போதாது, பள்ளிக்கூடம் வேண்டும்

தென்னாப்பிரிக்காவில் நம் மக்களின் கதை எல்லோருக்கும் தெரியும். 1860-ல் சென்னையில் இருந்து கப்பல் ஏறி, கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் தமிழர்கள் மிகப் பலர். காந்திஜி இருபது ஆண்டுக்கு மேல் போராடிய இடம் அது.

1927-ல் இந்தியாவின் முதல் ஏஜண்டாகச் சாஸ்திரியார் அங்கே அனுப்பப்பட்டார். நீங்கள்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் காந்திஜி முக்கியமானவர்.

அங்கேயும் அவர் பேச்சைக் கேட்க வெள்ளையர் கூட்டம் கூடியது. 1928-ல் கிளார்க்ஸ்டார்ப் என்ற ஊரில் நிறவெறி கொண்ட சிலர் கூட்டத்தில் புகுந்து கலாட்டா செய்து கலைத்தார்கள். சாஸ்திரியார் பயந்து ஊர் திரும்பவில்லை.

ஆனால் இந்தத் தடவை அவர் பேச்சை மட்டும் நம்பவில்லை. டர்பன் நகரில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்பு எட்டாக் கனியாக இருந்தது. படித்த ஆசிரியர்களும் போதவில்லை. படிப்பு இல்லாத சமூகத்துக்காக எவ்வளவு பேர் பேசினாலும் என்ன? நாளைக்கு அவர்களே எழுந்து பேச வேண்டாமா?

சாஸ்திரியார் வீடு வீடாக, கடை கடையாகப் பணம் திரட்ட வைத்தார். கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். வியாபாரிகள் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் ஆசிரியர் பயிற்சி நிலையமுமாக ஒரு கட்டடம் எழுந்தது. 1929-ல், அவர் ஊர் திரும்பிய பிறகு, அது திறக்கப்பட்டது. அதன் பெயர் சாஸ்திரி கல்லூரி!

அங்கே படித்த பிள்ளைகள் ஆசிரியர் ஆனார்கள், வக்கீல் ஆனார்கள், டாக்டர் ஆனார்கள். சட்டசபையில் பேசிய பேச்சு காற்றோடு போயிற்று. பள்ளிக்கூடம் நின்றது.

குறை சொன்னவர்களும் உண்டு

பெரிய மனிதர் என்றால் குறையே இல்லாதவர் என்று அர்த்தம் அல்ல. 1936-ன் இறுதியில் மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் நிலையை ஆராய அவரை அனுப்பினார்கள். மறு ஆண்டு அறிக்கை வந்தது. தோட்ட முதலாளிகளிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்று அங்குள்ள இந்தியர் பலர் வருத்தப்பட்டார்கள்.

1940-ல் அறிவியல் கலைச்சொற்களை வகுக்க ஒரு குழு அமைந்தது. சாஸ்திரியார் அதன் தலைவர். வடமொழிச் சொற்கள் மிகுந்துவிடும் என்று தமிழ் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பொன்போல் நிறுத்தவர், தமிழ்ச் சொல்லையும் அப்படி நிறுக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயம்தான்.

மீண்டும் வாத்தியார்

1935-ல் சாஸ்திரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார். ஐந்து ஆண்டு சிதம்பரத்தில் இருந்தார். உலகம் எல்லாம் சுற்றிவிட்டு, தொடங்கிய இடத்துக்கே, மாணவர்கள் நடுவிலேயே வந்து சேர்ந்தார்.

1944-ல் சென்னை மயிலாப்பூரில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முப்பது சொற்பொழிவுகள் செய்தார். வயது எழுபத்தைந்தை நெருங்கிவிட்டது. உடம்பில் பலம் இல்லை. ஆனால் ராமனையும் சீதையையும் பற்றிப் பேசும்போது அவருக்கே கண் கலங்கும், கேட்டவர்களுக்கும் கலங்கும். வலங்கைமான் வீட்டில் கேட்ட சுலோகமும், கும்பகோணத்தில் கற்ற ஆங்கிலமும் அன்று ஒன்றாகச் சேர்ந்தன.

1946 ஜனவரியில் காந்திஜி சென்னைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சாஸ்திரியாரைத் தேடிப் போய்ப் பார்த்தார். எழுபத்தாறு வயதுச் சகோதரர்கள் இருவரும் சந்தித்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 17-ந் தேதி, சாஸ்திரியார் காலமானார். நாடு விடுதலை அடைவதைப் பார்க்க அவர் இல்லை.

பெயர் போடாதே!

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அதுதான் முக்கியம்.

காந்திஜி தம் சுயசரிதையைக் குஜராத்தியில் எழுதினார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவருடைய காரியதரிசி மகாதேவ தேசாய். 1940-ல் திருத்திய பதிப்பு வந்தது. இன்று உலகம் எங்கும் படிக்கப்படும் புத்தகம் அதுதான். முன்னுரையில் தேசாய் ஒரு செய்தி சொல்கிறார். ஆங்கிலப் புலமை மிக்க ஒரு பெரியவர் மொழிபெயர்ப்பைக் கவனமாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தாராம். ஆனால் தம் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போட்டாராம். ஆகவே முன்னுரையில் பெயர் இல்லை.

அந்தப் பெரியவர் சாஸ்திரியார் என்பது பின்னால் தெரிந்தது.

எந்தப் புத்தகத்தைத் திருத்தினார் பாருங்கள்! தாம் ஒப்புக்கொள்ளாத ஒத்துழையாமை இயக்கத்தின் தலைவர் எழுதிய புத்தகம். தம்முடைய ரௌலட் பேச்சு வீணாய்ப் போனதைச் சொல்லும் பக்கமும் அதில் இருக்கிறது. கருத்தில் அவர் கை வைக்கவில்லை. ஆங்கிலத்தை மட்டும் சீர் செய்தார். பட்டம் வாங்கிய மகாகனம் செய்த வேலை அல்ல அது. திருவல்லிக்கேணி வாத்தியார் செய்த வேலை. பையனின் நோட்டில் தப்பைத் திருத்துகிற வாத்தியார், கட்டுரையின் கீழே தம் பெயரையா எழுதுகிறார்?

ஏனாத்தூர்ப் பையனே, வலங்கைமான் பெண்ணே! உன் நோட்டில் சிவப்பு மையைப் பார்த்துக் கலங்காதே. உன்மேல் அக்கறை உள்ள ஒருவர் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம். எந்தச் சொல்லை அவர் அடித்தார், ஏன் அடித்தார் என்று பார். அதை மாற்றி இன்னொரு தரம் எழுது.

நோட்டை மட்டும் மூடி வைத்துவிடாதே!